கோவளம் 1752: பயந்து ஓடியவர்கள் எப்படிப் படையானார்கள்?

கேள்வி

சிறுசேரி சிப்காட்டிலிருந்து கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் சில கிலோமீட்டர் தூரம்தான். பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள மென்பொருள் நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களை 'டீம் அவுட்டிங்' என்று கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளுக்கு அழைத்து வருவது வழக்கமாகிவிட்டது. காலையில் கயிறு இழுக்கும் போட்டி, மதியச் சாப்பாட்டுக்குப் பின் தலைமைப் பண்பு பற்றி ஒரு சொற்பொழிவு. அந்தச் சொற்பொழிவுகளின் சாரம் பெரும்பாலும் ஒன்றே: தலைவர் அஞ்சாமல் முன்னால் நின்றால் குழு தானாகப் பின்னால் வரும்.

இந்தக் கருத்துக்கு ஆங்கில உலகம் நெடுங்காலமாக எடுத்துக்காட்டிய நிகழ்ச்சி ஒன்று இதே கோவளத்தில் நடந்தது. 1752இல் ராபர்ட் கிளைவ் கோவளம் கோட்டையைப் பிடித்த கதை அது. ஒன்றுக்கும் உதவாதவர்கள் என்று கருதப்பட்ட ஆட்களைக் கொண்டு, சில நாட்களில், தன் துணிச்சலை மட்டுமே முதலாக வைத்து ஒரு படையை உருவாக்கினார் என்பது வரலாற்றாசிரியர்கள் அவருக்குத் தந்த பாராட்டு. அந்தப் பாராட்டு சான்றுகளின் முன் எந்த அளவு நிற்கிறது, ஒரு குழுவை வலுவாக்குவது தலைவரின் குணமா அல்லது வேறு ஏதாவதா என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. கிளைவின் அரசியலை நான் எந்த வகையிலும் ஏற்கவில்லை. நாடு பிடிக்க வந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் படைத்தலைவர் அவர். ஆயினும் தலைமை பற்றிய நம் இன்றைய பேச்சு எங்கிருந்து வந்தது என்று பார்க்க அந்தச் சில நாட்கள் உதவுகின்றன.

கோட்டையும் ஆட்களும்

கோவளத்தின் கோட்டைக்குச் சஆதத் பந்தர் என்று பெயர். ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் கான் கட்டியது. ஆஸ்டெண்டு என்ற ஐரோப்பிய வணிகக் கம்பெனியின் பழைய தலம் இருந்த இடத்தை ஒட்டியது. 1750இல் அது பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. கப்பலில் நோயாளிகள் இருப்பதாகச் சொல்லிக் கரையிறங்கியவர்களுக்குக் கோட்டைக்குள் இடம் கொடுத்தார் அதன் அதிகாரி. அவர்கள் இரவில் எழுந்து கோட்டையையே பிடித்துக்கொண்டார்கள் என்று எழுதுகிறார் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஆர்ம்.

1752இல் திருச்சிராப்பள்ளி முற்றுகை முறிந்து, பிரெஞ்சுக்காரர் ஆதரித்த சந்தா சாகிபின் தரப்பு வீழ்ந்த பிறகும், சென்னைக்குத் தெற்கே கோவளமும் செங்கல்பட்டும் பிரெஞ்சுக்காரர் வசமே இருந்தன. அவற்றைப் பிடிக்கக் கம்பெனியிடம் இருந்தவர்கள் இங்கிலாந்திலிருந்து அப்போதுதான் வந்து இறங்கிய 200 பேரும், புதிதாகச் சேர்க்கப்பட்ட 500 சிப்பாய்களும். முந்தைய ஆண்டு ஆற்காட்டில் கிளைவுடன் முற்றுகையைத் தாங்கியவர்கள் அல்ல இவர்கள். ஒருவரோடு ஒருவர் பழகாதவர்கள், பீரங்கிச் சத்தத்தைக் கேட்டறியாதவர்கள். கிளைவுக்கு அப்போது வயது 26, உடல்நலமும் சரியில்லை.

முதல் நாளே படை சிதறியது. கோட்டைக்கு அருகே ஒரு தோட்டத்தில் தங்கியிருந்த முன்னணிப் பிரிவின் மீது விடியற்காலையில் பிரெஞ்சுக்காரர் சுட்டனர். பிரிவை நடத்திச் சென்ற லெப்டினன்ட் கூப்பர் இறந்தார். மற்றவர்கள் சென்னையை நோக்கி ஓடத் தொடங்கினர். எதிரே வந்த கிளைவ் பெரும்பாடு பட்டு அவர்களைத் திருப்பினார். சில நாள் கழித்துக் கோட்டையிலிருந்து வந்த ஒரு குண்டு பாறையில் மோத, தெறித்த கற்சில்லுகளால் 14 பேர் இறந்தோ காயம்பட்டோ விழுந்தனர். மீண்டும் பீதி. காவலுக்கு நின்ற ஒருவரைப் பல மணி நேரம் கழித்து ஒரு கிணற்றின் அடியில் கண்டுபிடித்தார்கள்.

ஆனால் கோட்டை விழுந்தது. மறுநாள் காலை, கோட்டை கைமாறியது தெரியாமல் செங்கல்பட்டிலிருந்து உதவிக்கு வந்த பிரெஞ்சுத் தரப்புப் படை ஒன்றை அதே ஆட்கள் பதுங்கியிருந்து தாக்கி, முதல் வேட்டிலேயே ஏறத்தாழ நூறு பேரை வீழ்த்தி, பலரைச் சிறைபிடித்தனர். அதன்பின் செங்கல்பட்டும் பணிந்தது.

இரண்டு எழுத்துகள்

இந்த நிகழ்ச்சியை நமக்குச் சொல்பவர்கள் முக்கியமாக இருவர். ஒருவர் ஆர்ம். அஞ்சுதெங்கில் 1728இல் பிறந்து, பின்னாளில் சென்னைக் கவுன்சிலில் உறுப்பினராக இருந்தவர். அவர் எழுதிய போர் வரலாற்றின் முதல் தொகுதி 1763இல் வெளிவந்தது. மற்றவர் மெக்காலே. மால்கம் எழுதிய கிளைவ் வாழ்க்கை வரலாற்றை முன்வைத்து 1840இல் 'எடின்பரோ ரிவியூ' இதழில் அவர் எழுதிய கட்டுரைதான் பள்ளிப் பாடங்கள் வரை போய்ச் சேர்ந்தது.

இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் ஒரு வேறுபாடு தெரிகிறது. மெக்காலேயின் கதையில் கோட்டையிலிருந்து வந்த ஒரு குண்டு ஒரே ஒரு சிப்பாயைக் கொல்கிறது. உடனே அத்தனை பேரும் திரும்பி ஓடுகிறார்கள். பீரங்கிச் சத்தம் கேட்டுக் காவலாளி கிணற்றில் ஒளிகிறார். தங்களை நடத்திச் சென்ற அதிகாரியே கண்முன் இறந்தார் என்பது அங்கே இல்லை. ஒரே குண்டில் 14 பேர் விழுந்தார்கள் என்பதும் இல்லை. வந்த ஆட்களோ லண்டனின் கீழான விடுதிகளில் ஆள்பிடித் தரகர்கள் பொறுக்கிய கழிசல்கள் என்ற தொனியில் அறிமுகமாகிறார்கள். பயத்துக்கான காரணத்தைச் சுருக்கச் சுருக்கப் பயந்தவர்கள் மேலும் சிறியவர்களாகிறார்கள். அவர்களைத் திருத்திய தலைவர் மேலும் பெரியவராகிறார். அளவுக்கு மீறிய தலைவர் வழிபாடு பெரும்பாலும் இப்படித்தான் கட்டப்படுகிறது என்பது என் எண்ணம். குழுவின் முன்நிலையைத் தாழ்த்திச் சொல்லாமல் தலைவரின் சாதனையை அவ்வளவு உயர்த்திச் சொல்ல முடிவதில்லை.

ஆர்மும் நடுநிலையானவர் அல்லர், கிளைவுக்கு நெருக்கமானவர். தண்டனையைவிட வெட்கமே இவர்களைத் திருத்தும் என்று கிளைவ் முடிவு செய்தார், ஆகவே தானே எதிரியின் சூடு அதிகமாக விழும் இடத்தில் போய் நின்றார், சில நாட்களில் அவர்களும் ஓரளவு உறுதியோடு கடமையைச் செய்தார்கள் என்று அவரும் எழுதுகிறார். 'ஓரளவு' என்ற அளவு கவனிக்கத்தக்கது. மெக்காலேக்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முன் எழுதியவர் காட்டிய அந்த அடக்கம் மெக்காலேயிடம் இல்லை.

வெற்றியின் அளவையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். கோட்டைக்குள் இருந்தது 50 ஐரோப்பியரும் 300 சிப்பாய்களும். அதன் பிரெஞ்சு அதிகாரி பணிந்தபோது தன் சொந்தப் பொருட்களை எடுத்துச் செல்ல அனுமதி கேட்டார். அவற்றில் பெரும்பகுதி அவர் வணிகம் செய்துவந்த வான்கோழிகளும் மூக்குப்பொடியும் என்று ஆர்ம் பதிவு செய்கிறார். எதிரே இருந்தவர் கடைசிவரை போராட வந்தவர் அல்லர் என்பது இதிலிருந்து தெரிகிறது. ஒரு குழு வென்றது என்பதாலேயே அது சிறந்த குழு என்று முடிவு செய்ய முடியாது. அலுவலகங்களில் சந்தை நன்றாக இருக்கும் ஆண்டில் எல்லாக் குழுக்களும் இலக்கை எட்டுகின்றன. அந்த ஆண்டின் மேலாளருக்கே பெயர் போகிறது.

என் கணிப்பில், அந்த நாட்களின் உண்மையான சாதனை கோட்டை பணிந்த மறுநாள் காலை நடந்தது. எதிரியின் படை வருவதை முதலில் கண்டவர் கிளைவ் அல்லர், ஜோசப் ஸ்மித் என்ற இளம் அதிகாரி. அவர் கண்டதைச் சொன்னார், சொன்னது கேட்கப்பட்டது, திட்டம் உடனே மாறியது. சில நாட்களுக்கு முன் பீதியில் சிதறியவர்கள், எதிரி நெருங்கி வரும்வரை அசையாமல் பதுங்கிக் காத்திருந்தார்கள். சுடுவதற்குத் துணிச்சல் போதும். ஆணை வரும்வரை சுடாமல் இருப்பதற்குப் பக்கத்தில் படுத்திருப்பவர் ஓடமாட்டார் என்ற நம்பிக்கை வேண்டும். அது ஒருவரைப் பார்த்து வருவதல்ல, கூட இருந்து பழகிய நாட்களில் வருவது. சூட்டின் கீழ் ஒன்றாக இருந்த அனுபவம், கைக்கெட்டிய முதல் வெற்றி, கண்டதைச் சொன்ன ஓர் அதிகாரி ஆகிய எல்லாம் சேர்ந்த காலை அது. மெக்காலே இதைக் கிளைவின் தனிப்பட்ட துணிவுக்குள் அடக்கிவிடுகிறார்.

ஆய்வுகள் சொல்வது

வெற்றியையும் தோல்வியையும் தலைவர் தலையில் ஏற்றும் இந்தப் பழக்கத்தை ஜேம்ஸ் மைண்டல் தம் இரு சக ஆய்வாளர்களோடு 1985இல் ஆராய்ந்தார். 'தலைமை மீதான மோகம்' என்று அவர் அதைச் சொன்னார். ஒரு நிறுவனத்தின் முடிவு மிக நன்றாகவோ மிக மோசமாகவோ இருக்கும்போதுதான் மக்கள் அதற்குத் தலைவரைக் காரணமாக்க அதிகம் முனைகிறார்கள். நடுத்தரமான முடிவுகளுக்கு மற்றக் காரணங்களும் நினைவுக்கு வருகின்றன. கோவளம் மிக மோசமாகத் தொடங்கி மிக நன்றாக முடிந்த கதை. மோகம் விளைவதற்கு அதைவிட நல்ல நிலம் இல்லை.

ஹார்வர்டில் குழுக்களை நீண்டகாலம் ஆராய்ந்த ரிச்சர்ட் ஹேக்மன் இன்னொரு பக்கத்திலிருந்து இதே இடத்துக்கு வந்தார். விமானிகள், இசைக்குழுக்கள் எனப் பலதரப்பட்ட குழுக்களைக் கவனித்த அவர், தலைவரின் வேலையில் பெரும்பங்கு குழு கூடுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது என்றார். யார் உறுப்பினர், வேலை என்ன, எல்லை எது, தேவையான கருவியும் தகவலும் கிடைக்கின்றனவா என்பவை முதலில் சரியாக இருக்க வேண்டும். குழுவின் தரத்தில் ஏறத்தாழ 60 விழுக்காடு முன்னேற்பாட்டிலும், 30 விழுக்காடு தொடக்கத்திலும், 10 விழுக்காடு மட்டுமே இடையில் தரும் பயிற்சியிலும் இருக்கிறது என்பது அவருடைய மதிப்பீடு. அளந்தெடுத்த புள்ளிவிவரமாக அன்றி, நெடுநாள் அனுபவத்தின் தோராயமாக இதைக் கொள்ள வேண்டும்.

ஹேக்மன் அடிக்கடி எடுத்துக்காட்டிய ஒரு சான்று கோவளத்தின் முதல் நாள் பீதியை விளக்குகிறது. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், 1978 முதல் 1990 வரை விமானக் குழுவினரின் செயலோடு தொடர்புடைய பெரிய விபத்துகளை ஆராய்ந்து 1994இல் அறிக்கை வெளியிட்டது. விவரம் கிடைத்தவற்றில் 73 விழுக்காடு அந்தக் குழு சேர்ந்து பறந்த முதல் நாளிலும், 44 விழுக்காடு அவர்களின் முதல் பயணத்திலும் நடந்திருந்தன. இவர்கள் பயிற்சி இல்லாதவர்கள் அல்லர். ஒவ்வொருவரும் தேர்ந்த விமானி. ஒன்றாகப் பழகாதவர்கள், அவ்வளவே. தோட்டத்திலிருந்து ஓடியவர்களைக் கோழைகள் என்று சொல்வதற்கு முன் இந்த எண்களை நினைக்க வேண்டும்.

சிறுசேரியின் நடைமுறை இதற்கு எதிர்த்திசையில் போகிறது. புராஜெக்ட் முடிந்தால் ஆட்கள் அடுத்த வேலைக்காகக் காத்திருக்கும் 'பெஞ்சு'க்குப் போகிறார்கள். அடுத்த வேலை வந்ததும் கையில் யார் இருக்கிறார்களோ அவர்களை வைத்துப் புதுக் குழு. ஒன்றாகத் தவறு செய்து, திருத்தி, ஒருவரின் வேகத்தை மற்றவர் அறிந்த குழு, கணக்குத் தாளில் சில வரிகளை நிரப்புவதற்காகக் கலைக்கப்படுகிறது. பிறகு அந்த இழப்பை ஈடுகட்ட ஒருநாள் அவுட்டிங்.

வெட்கமா, நம்பிக்கையா

கிளைவ் கையாண்ட கருவி வெட்கம். சில நாட்களுக்கு அது வேலை செய்தது. அதை மறுக்க முடியாது. அடுத்த ஆண்டு தொடக்கத்திலேயே அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிட்டார். தலைவர் முன்னே நிற்கும்வரை மட்டும் நிற்கும் துணிவு எவ்வளவு நாள் தாங்கும் என்பதற்குக் கோவளம் பதில் தராது. சோதிக்கும் அளவுக்குக் காலம் அங்கே இல்லை.

வெட்கத்துக்கு ஒரு விலை உண்டு. அது கெட்ட செய்தியை மறைக்கக் கற்றுத்தருகிறது. ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவான தவறுகள் அங்கேதான் அதிகம் இருந்தன. நல்ல குழுக்கள் அதிகம் தவறவில்லை, தவறை மறைக்கவில்லை என்பதே அவர் கண்ட விளக்கம். பேசினால் பழி வராது என்ற நம்பிக்கையைப் பற்றிய அவருடைய 1999ஆம் ஆண்டுக் கட்டுரை இங்கிருந்து வளர்ந்தது. கூகுள் நிறுவனம் 2012இல் தொடங்கி 180 குழுக்களை ஆராய்ந்தபோது, எந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதைவிட இந்த நம்பிக்கை இருக்கிறதா என்பதே பெரிதாகத் தெரிந்தது.

இதே கரையில், சென்னைக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் நடந்த ஒன்று தமிழ் வாசகர்களுக்கு மனப்பாடம். 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தபோது செய்தியாளர்களைச் சந்தித்தவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையில் சேர்ந்தபோது செய்தியாளர்களிடம் அனுப்பப்பட்டவர் திட்ட இயக்குநர் அப்துல் கலாம். கலாம் வாழ்நாள் முழுவதும் மேடைகளில் சொன்ன கதை இது. அவர் நினைவிலிருந்து சொன்னது என்பதால், மெக்காலேயிடம் காட்டும் எச்சரிக்கையை இங்கும் காட்டுவதே நேர்மை. இதுவும் ஒரு பெருந்தன்மையான தலைவரின் கதையாகவே பரவியிருக்கிறது.

என்னைக் கவர்வது செய்தியாளர் கூட்டத்துக்கும் அடுத்த ஏவுதலுக்கும் இடைப்பட்ட மாதங்கள். இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் அமிலம் கசிந்தது தோல்விக்குக் காரணம் என்று ஆய்வு கண்டறிந்தது. அந்தக் கசிவு ஏவுவதற்கு முன்பே அறிகுறி காட்டியிருந்தது. கணினி எச்சரித்தும், இருப்பு போதும் என்ற நம்பிக்கையில் ஏவினார்கள். இதை வெளியே எடுக்க, எச்சரிக்கையைக் கண்டவரும் பரவாயில்லை என்றவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து உண்மையைச் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து வரும் பழியைத் தவான் தன்மேல் வாங்கிக்கொண்டது அந்த மேசையைக் காப்பாற்றியது. அவருடைய பெருந்தன்மையின் பயன் குழுவுக்கு இப்படித்தான் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்று கருதுகிறேன். ஓராண்டுக்குள் ராக்கெட் மீண்டும் எழுந்தது.

கரையில் பங்கு பிரிக்கும்போது

பழியையும் பலனையும் பகிர்ந்துகொள்ளும் குழுவைக் கோவளத்திலேயே பார்க்கலாம். விடுதியின் வேலிக்கு அப்பால் மீனவர் குப்பம். அதிகாலையில் போய்வந்த ஃபைபர் போட்டைக் கரையில் ஏற்றுகிறார்கள். ஒருவர் வலையிலிருந்து மீனைக் கழிக்கிறார், ஒருவர் இன்ஜினைக் கழற்றித் தோளில் தூக்குகிறார். யாரும் யாருக்கும் சொல்வதில்லை. மணலில் ஏலம் நடக்கிறது. ஏலத்தொகையில் எண்ணெய்ச் செலவைக் கழித்து, போட்டுக்கும் வலைக்கும் இன்ஜினுக்கும் உரிய பங்கு போக, மீதி போய்வந்தவர்களுக்குள் பிரிகிறது. சோழமண்டலக் கரை முழுவதும், அளவுகள் ஊருக்கு ஊர் மாறினாலும், முறை இதுதான். மீன்பாடு நன்றாக இருந்தால் எல்லாருக்கும் நன்று. வெறும் வலையோடு வந்தால் எல்லாருக்கும் ஒன்றுமில்லை.

மேலாண்மை நூல்கள் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். இங்கே கணக்கு எல்லார் கண்முன்னும் நடக்கிறது; யார் என்ன செய்தார் என்பது கூட இருந்தவர்களுக்குத் தெரியும்; அலையைத் தாண்டும்போது வரும் ஆபத்து போட்டின் சொந்தக்காரருக்கும் நேற்றுச் சேர்ந்த இளைஞருக்கும் ஒன்றே. கிளைவ் தன்னை ஆபத்தில் நிறுத்திக் காட்ட வேண்டியிருந்தது. இங்கே ஆபத்தைப் பகிர்வதற்குத் தனி வீரம் தேவையில்லை. தொழிலின் அமைப்பே அதைப் பகிர்ந்துவிடுகிறது.

ஆனால் இதை இலட்சியமாக்கிவிடவும் கூடாது. ஒரே சாதியும் உறவும் சேர்ந்த குழுக்கள் இவை. வெளியாள் எளிதில் சேர முடியாது. கடலுக்குப் போகும் போட்டில் பெண்களுக்கு இடமில்லை. மீனை ஏலம் எடுப்பதும் கூடையில் சுமந்து ஊர் ஊராக விற்பதும் அவர்கள். அந்த உழைப்பு போட்டின் பங்குக் கணக்கில் வருவதில்லை. வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய போட்டுக்கு விலையில் பேரம் பேசும் உரிமை குறைகிறது. குழுவுக்குள் நியாயமான பங்கு இருந்தும் குழுவுக்கு வெளியே நியாயம் இல்லாமல் போகலாம்.

அலுவலகத்துக்குத் திரும்பினால், பங்கு என்ற இந்த இடத்தில்தான் பேச்சு நின்றுபோகிறது. 'நாம் ஒரே குழு' என்று மேடையில் சொல்லும் நிறுவனமே ஆண்டிறுதியில் 'பெல் கர்வ்' போட்டுக் குழுவுக்குள் இத்தனை பேர் மேலே, இத்தனை பேர் கீழே இருந்தே ஆக வேண்டும் என்று ரேட்டிங் தருகிறது. எல்லாரும் நன்றாகச் செய்திருந்தாலும் ஒருவர் கீழே போக வேண்டும். அந்த ஒருவர் தானாக இருந்துவிடக் கூடாது என்ற பயத்தில் வேலை செய்பவர், கோடில் கண்ட பிழையைப் பக்கத்து மேசைக்காரரிடம் ஏன் சொல்வார்? வாடிக்கையாளரிடமிருந்து 'எஸ்கலேஷன்' என்ற புகார் வரும்போது மேலாளர் தவானைப் போல முன்னே நிற்கிறாரா, பொறுப்பாளர் பெயரைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்புகிறாரா என்பதை அந்தக் குழு ஒரே ஒருமுறை பார்த்தால் போதும். அதன்பின் எது மறைக்கப்படும், எது சொல்லப்படும் என்பது தீர்மானமாகிவிடுகிறது.

குழுத் தலைவர் ஒருவர் கையில் பெல் கர்வை ஒழிக்கும் அதிகாரம் இல்லை என்று சொல்லப்படும். உண்மைதான். ஆனால் குழுவைக் காலாண்டுக்கு ஒருமுறை கலைக்க வேண்டாம் என்று மேலே வாதாடுவதும், புதிதாகச் சேர்ந்தவர்களின் முதல் வாரத்தில் கடினமான 'ரிலீஸ்' வைக்காமல் இருப்பதும், பிழையைச் சொன்னவரை ரேட்டிங் கூட்டத்தில் காப்பதும், பாராட்டு மின்னஞ்சலில் ஸ்மித் போன்றவரின் பெயரை முதலில் எழுதுவதும் அவர் கையில் இருக்கின்றன. மேடையில் எடுத்துக்காட்டப்படும் தைரியத்தைவிட இவை கடினமானவை. ஆண்டு முழுவதும், யாரும் பார்க்காத கூட்டங்களில், தன் சொந்த ரேட்டிங்கைப் பணயம் வைத்து இவற்றைச் செய்ய வேண்டியிருக்கிறது.